நரம்பைப் போர்த்தும் அணுக்கள்

இருட்டில் நடக்கும்போது கட்டிலின் காலில் பெருவிரலை இடித்துக்கொள்ளாதவர் எவரும் இரார். அவ்வமயம் நிகழ்வதைச் சற்று நிதானித்துக் கவனித்தால் ஓர் அதிசயம் புலப்படும். இடித்த மறுகணமே சுரீரென்று ஒரு வலி தோன்றுகிறது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம். அது அடங்குவதற்குள், ஏறக்குறைய ஒரு விநாடி கழித்து, வேறொரு வலி வந்து சேருகிறது. இது மெல்லப் பரவுவது, எரிச்சலும் கடுப்பும் கலந்தது, நெடுநேரம் நிற்பது. இடித்தது ஒரு முறை, வலியோ இரண்டு.

இதன் காரணம் யாது? பெருவிரலினின்று மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பிழைகளுள் இரு வகை உண்டு. ஒரு வகை, கொழுப்பாலான ஓர் உறையைப் போர்த்துக்கொண்டிருப்பது. மற்றது உறையற்றது. உறையுள்ள வலியிழையில் செய்தி விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் விரைகிறது. உறையற்ற இழையிலோ விநாடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரையில்தான். காலிலிருந்து தலைக்கு ஒன்றரை மீட்டர் தூரம் இருப்பதால் முதல் தூதன் வந்து சேர்ந்து, நாம் காலையும் இழுத்துக்கொண்ட பின்னரே இரண்டாந் தூதன் படியேறுகிறான்.

தசைகளை ஏவுகின்ற தடித்த இழைகளிலும், கை கால் இருக்கும் நிலையை மூளைக்கு அறிவிக்கும் இழைகளிலும் உறை இன்னும் கனமானது. ஆங்கு வேகம் விநாடிக்கு 120 மீட்டரை எட்டுவதுண்டு. மணிக்குக் கணக்கிட்டால் 432 கிலோமீட்டர் ஆகின்றது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஆண்டுக்கொரு முறையேனும் போய் வருகின்ற நம்மைப் போன்றவர்கள் அவ்வேகத்தில் ஓடும் ஒரு ரயிலைக் கனவிலும் கண்டதில்லை. உறையற்ற இழையின் வேகமோ மாலை வேளையில் பூங்காவில் உலாவும் முதியவரின் நடை வேகம். ஒரே உடலுக்குள் இவ்விரண்டும் அருகருகே ஓடுகின்றன.

நரம்பின் வேகத்தை மனிதனால் ஒருநாளும் அளக்க இயலாது என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரும் உடலியல் அறிஞராகிய யோஹன்னஸ் ம்யூல்லர் கருதினார். அவருடைய மாணவரே ஆன ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ஆம் ஆண்டில் ஒரு தவளையின் கால் நரம்பைக் கொண்டு அதனை அளந்து காட்டினார். விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்பது அவர் கண்ட கணக்கு. எண்ணமும் உணர்ச்சியும் நொடிப்பொழுதும் இன்றி நிகழ்வன என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

இனி, உறை எங்ஙனம் வேகத்தைத் தருகிறது என்று பார்ப்போம். நரம்பில் செல்லும் செய்தி மின்சாரத்தைச் சார்ந்ததே. ஆயினும் அது செப்புக் கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று. நரம்பிழை என்பது உப்புநீர் நிரம்பிய மிக நுண்ணிய குழாய். அதற்குப் புறத்தே இருப்பதும் உப்புநீரே. இடையில் இருக்கும் சவ்வோ மிகமிக மெல்லியது, ஒழுக்கும் உடையது. மணற்பாங்கான நிலத்தில் வெட்டிய வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். தலைமடையில் எவ்வளவு நீரைத் திறந்துவிட்டாலும் இரு கரையும் அதை உறிஞ்சிக்கொள்ளும். கடைமடைக்கு ஒன்றும் வந்து சேராது. நரம்பிழையில் எழுப்பப்பட்ட மின் அழுத்தமும் அவ்வாறே சிறிது தூரத்துக்குள் வடிந்து போகும். ஆகவே உறையற்ற இழை என்ன செய்கிறது என்றால், தன் நீளம் முழுவதிலும் அடிக்கு அடி நின்று செய்தியைப் புதுப்பித்துக்கொண்டே போகிறது. சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. வெளியிலிருந்து சோடியம் அணுக்கள் மின்னேற்றத்தோடு உள்ளே பாய்கின்றன. அதனால் அடுத்த இடத்தில் உள்ள வாயில்கள் திறக்கின்றன. இப்படி இடத்துக்கு இடம் நின்று நின்று போவதனால்தான் அந்த ஆமை வேகம்.

வாய்க்காலைச் சீர்படுத்த உழவனுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, வாய்க்காலை மிக அகலமாக வெட்டுவது. மற்றொன்று, கரைகளுக்குக் காரை பூசுவது. இயற்கை இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. கணவாய் என்ற கடல் உயிரினம் முதல் வழியைப் பின்பற்றியது. எதிரியைக் கண்டதும் பின்னோக்கிப் பாய்வதற்கு அதற்கு உதவும் நரம்பிழை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை பருமன் கொண்டது; கண்ணாலேயே காணலாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் நரம்புச் செய்தியின் இரகசியத்தை 1952-இல் விளக்கியதும், 1963-இல் நோபல் பரிசு பெற்றதும் இந்தக் கணவாயின் தயவால்தான். இத்தனை பருமன் இருந்தும் அவ்விழையின் வேகம் விநாடிக்குச் சுமார் 25 மீட்டரே. அதே வேகத்தைத் தவளை 0.012 மில்லிமீட்டர் பருமனுள்ள இழையில் சாதித்துவிடுகிறது! அது இரண்டாவது வழியை, அஃதாவது காரை பூசும் வழியைக் கைக்கொண்டதே காரணம். தாடை எலும்புள்ள மீன்கள் முதலாக மனிதன் ஈறாக முதுகெலும்புள்ள பிராணிகள் எல்லாம் இவ்வழியே வந்தவை. கணவாயின் முறையை நாம் பின்பற்றியிருந்தால் நம் முதுகுத் தண்டு இடுப்பில் அடங்கியிராது.

கரைக்குப் பூசும் இக்காரைக்கு மையலின் என்று பெயர். ஆனால் அது இழை நெடுகிலும் ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கவில்லை. ரான்வியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1870-களில் நரம்பிழையை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தபோது, கரும்பில் இருப்பது போலக் கணுக்கள் இருக்கக் கண்டார். இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி பெரிய இழைகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலாக நீளும். கணுவோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்விடத்தில் மட்டும் உறை இல்லை. சோடியம் நுழையும் வாயில்கள் யாவும் அவ்விடத்திலேயே நெருங்கிக் குழுமியிருக்கின்றன. உறையிட்ட பகுதியில் ஒழுக்கு இன்மையால் மின் அழுத்தம் மங்காமல் விரைந்து அடுத்த கணுவை அடைகிறது. கணுவில் மட்டும் நின்று புதுப்பிக்கப்படுகிறது. ஜப்பானிய அறிஞர் தசாக்கி 1939-ஆம் ஆண்டளவிலும், ஹக்ஸ்லியும் ஸ்டாம்ப்ஃப்லியும் 1949-இலும் இதனைச் சோதனையால் நிறுவினர்.

செய்தி கணுவுக்குக் கணு 'தாவிச் செல்லுகிறது' என்று பாடநூல்கள் எழுதுவது வழக்கம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லில் அவ்வளவு உடன்பாடில்லை. குரங்கு கிளையை விட்டுக் கிளை தாவும்போது இடையில் வெற்றிடம் இருக்கிறது. விரைவு ரயில் சிறு நிலையங்களில் நிற்பதில்லை. ஆயினும் அந்நிலையங்களின் ஊடே ஓடித்தான் போகிறது. நரம்புச் செய்தியும் அத்தகையதே. நிற்பதில்லை என்பதுதான் அதன் விரைவுக்குக் காரணமேயன்றி, பறப்பது அன்று. இதில் மற்றோர் இலாபமும் உண்டு. உள்ளே வந்த சோடியத்தை மீண்டும் வெளியே இறைத்துவிட வேண்டுமல்லவா? கணுக்களில் மட்டும் நுழைந்ததைக் கணுக்களில் மட்டும் இறைத்தால் போதும். எரிபொருள் பெரிதும் மிச்சமாகிறது.

இந்த உறையை நெய்பவர் யார் என்ற வினாவுக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தியடோர் ஷ்வான் என்ற ஜெர்மானியர் 1839-இல் வெளியிட்ட நூலில், நரம்பிழையை ஒட்டிக்கொண்டு வரிசையாக அமர்ந்திருக்கும் அணுக்களைப் பற்றி எழுதினார். அவை இன்றும் ஷ்வான் அணுக்கள் என்றே வழங்குகின்றன. ஆனால் மையலினை நரம்பிழையே சுரக்கின்றதா, அன்றிப் பக்கத்தில் இருக்கும் ஷ்வான் அணு சுரக்கின்றதா என்பது விளங்கவில்லை. சாதாரண உருப்பெருக்கிக்கு அதைத் தெளிவுபடுத்தும் ஆற்றல் இல்லை. எலெக்ட்ரான் உருப்பெருக்கி வந்த பிறகு, பெட்டி கெரன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கோழிமுட்டையில் வளரும் கருவின் நரம்புகளை நாளுக்கு நாள் எடுத்துப் பார்த்து 1954-இல் உண்மையை வெளியிட்டார். மையலின் சுரக்கப்படுவதே அன்று, சுற்றப்படுவது!

அந்நிகழ்ச்சி வருமாறு. முதலில் ஷ்வான் அணு நரம்பிழையின் அருகே வந்து, உள்ளங்கையால் ஒரு குச்சியைப் பற்றுவது போல் அதனைத் தழுவிக்கொள்கிறது. அதன் இரு விளிம்புகளும் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன. பின்னர் உள்விளிம்பு மற்றதன் அடியில் நுழைந்து இழையைச் சுற்றத் தொடங்குகிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. பெரிய இழைகளில் நூறு வரைகூடப் போகலாம். கோலின்மேல் பாயைச் சுற்றுவது போல என்று கூறலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பாயைச் சுற்றும்போது புதிய சுற்று வெளியே விழும். இங்கோ புதிய சுற்று எப்பொழுதும் உள்ளே, இழையை ஒட்டி, பழைய சுற்றுகளின் கீழாகப் புகுந்து போகிறது. சுற்றச் சுற்ற அணுவினுள் இருக்கும் குழம்பு பிதுங்கி வெளியேறிவிட, சவ்வோடு சவ்வு ஒட்டிக்கொள்கிறது. நீரை நீக்கிவிட்டு நிறுத்தால் மையலினில் 100-க்கு 70 முதல் 80 பங்கு வரை கொழுப்பே. மின்சாரம் ஒழுகாதிருக்க இதனினும் ஏற்ற பொருள் உடலில் வேறில்லை.

எத்தனை சுற்றுச் சுற்றுவது என்று அந்த அணுவுக்கு அறிவிப்பவர் யார்? நரம்பிழையேதான். இழையின் மேற்பரப்பில் ஒரு வகைப் புரதம் இருக்கிறது. பருத்த இழையில் அது மிகுதி. மெல்லிய இழையில் குறைவு. ஷ்வான் அணு அதன் அளவைக் கண்டு உறையின் கனத்தை நிர்ணயிக்கிறது. மிக மெல்லிய இழைகளை அது சுற்றுவதே இல்லை. தாய்க்கோழி குஞ்சுகளை அணைப்பது போலப் பல இழைகளை ஒருங்கே மடியில் இடுக்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது. நம் பெருவிரலின் இரண்டாவது வலி வருவது அத்தகைய இழைகளின் வழியாகத்தான்.

நிற்க. இதுவரை கூறியது கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளைப் பற்றியது. மூளைக்குள்ளும் முதுகுத் தண்டுக்குள்ளும் ஷ்வான் அணுக்கள் கிடையா. அங்கே நரம்பணுக்களுக்கு இடையில் வேறு பல அணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ 1856-இல் நியூரோகிளியா என்று பெயர் சூட்டினார். கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. நரம்பணுக்களை ஒட்டி வைக்கும் வெறும் பசை என்பது அவர் எண்ணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் மையலின் என்ற பெயரை உண்டாக்கியவரும் அவரே. அதன் வேர்ச்சொல்லுக்கு மஜ்ஜை என்பது பொருள். எலும்பில் மஜ்ஜை உள்ளே இருக்கும். நரம்பில் மையலின் வெளியே இருக்கிறது. இரண்டு பெயர்களுமே பொருந்தாப் பெயர்கள். ஒரு பொருளுக்குப் பசை என்று பெயர் வைத்துவிட்டால், அதற்கு ஒட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்குமென்று எவரும் தேட மாட்டார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலோர் தேடவும் இல்லை. கலைச்சொற்களை எல்லாம் தமிழாக்கியே தீர வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். 'பசையணு' என்று மொழிபெயர்த்தால் விர்ஷோவின் பிழையையும் சேர்த்தே மொழிபெயர்த்தவர்களாவோம். கிளியா என்ற ஒலியைக் கேட்கும் தமிழருக்குப் பச்சைக்கிளி நினைவுக்கு வரலாம், பசை வராது. ஆகையால் அதனை அப்படியே வைத்துக்கொள்வதில் கெடுதலில்லை.

இந்தப் பசையைப் பிரித்துப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் பீயோ டெல் ரீயோ ஓர்த்தேகா என்ற ஸ்பானியர். அவர் பணியாற்றியது உலகப் புகழ் பெற்ற ரமோன் இ கஹாலின் ஆராய்ச்சிக்கூடத்தில். கஹால் 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். நரம்பணுவின் தனித்தன்மையை நிலைநாட்டியவர். நரம்பணு ஒன்று, நட்சத்திர வடிவமான ஆஸ்ட்ரோசைட் இரண்டு, இவை நீங்கலான 'மூன்றாம் பொருள்' ஒன்று என்று அவர் வகுத்திருந்தார். ஓர்த்தேகா வெள்ளிக் கார்பனேட்டினால் சாயம் ஏற்றும் புதிய முறையைக் கண்டுபிடித்து, அந்த மூன்றாம் பொருள் உண்மையில் இரு வேறு அணுக்கள் என்று 1919-லும் 1921-லும் காட்டினார். ஒன்று மைக்ரோகிளியா, மற்றது ஆலிகோடென்ட்ரோசைட். ஆசிரியருக்கும் இளையவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, ஓர்த்தேகா 1920-இல் அக்கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் ஸ்பெயினில் மூண்ட உள்நாட்டுப் போர் அவரை நாட்டை விட்டே வெளியேற்றியது. 1945-இல் அவர் கண் மூடியது அர்ஜென்டினா நாட்டில். அவர் சொன்னதே சரி என்று காலம் தீர்ப்பளித்துவிட்டது.

ஆலிகோடென்ட்ரோசைட் என்ற நீண்ட பெயருக்குச் 'சில கிளைகளை உடைய அணு' என்பதுதான் அர்த்தம். மூளையிலும் முதுகுத் தண்டிலும் மையலின் உறையைச் சுற்றுபவர் இவரே. ஷ்வான் அணுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிக முக்கியமானது. ஷ்வான் அணு ஒன்று, ஓர் இழையில் ஒரு கணுவிடைப் பகுதியை மட்டுமே போர்த்தும். தன் முழு உடலையும் அதற்கே கொடுத்துவிடும். ஆலிகோடென்ட்ரோசைட்டோ ஆக்டபஸ் போலப் பல கைகளை நீட்டி, வெவ்வேறு இழைகளில் 40, 50 பகுதிகள் வரையில் ஒரே சமயத்தில் சுற்றி வைத்திருக்கிறது. இடத்தைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு இது. ஆனால் சிக்கனத்துக்கு விலை உண்டு. அந்த அணு ஒன்று மடிந்தால் 40 இடங்களில் உறை கழன்றுவிடும்.

மற்றுமொரு வேறுபாடு. கையில் நரம்பு அறுபட்டால், ஷ்வான் அணுக்கள் சிதைந்த உறையை அப்புறப்படுத்திவிட்டு, வரிசையாக நின்று புதிய இழைக்கு வழிகாட்டுகின்றன. அந்த வழியில் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. முதுகுத் தண்டில் இந்த உதவி கிடைப்பதில்லை. ஆலிகோடென்ட்ரோசைட் உண்டாக்கும் மையலினில் இழையின் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களும் இருக்கின்றன. அறுந்த விரல் நரம்பு தைத்துத் தேறுவதும், அறுந்த முதுகுத் தண்டு தேறாமையும் ஓரளவு இதனாலேயே.

ஏனைய கிளியா அணுக்களைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். ஆஸ்ட்ரோசைட்டுகள் ஒரு கையால் இரத்தக் குழாயையும் மறு கையால் நரம்பணுவையும் பற்றிக்கொண்டு உணவு வழங்குகின்றன. வேலை முடிந்ததும் சிதறிக் கிடக்கும் பொட்டாசியத்தையும் இரசாயனங்களையும் பெருக்கி எடுக்கின்றன. மைக்ரோகிளியா மூளையின் காவற்படை. கிருமியையும் குப்பையையும் விழுங்கும். மூளையின் உள்ளறைகளில் இருக்கும் நீருக்குக் கரையாக அமைந்த எபென்டைமல் அணுக்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கிளியா அணுக்கள் நரம்பணுக்களைப் போலப் பத்து மடங்கு என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிரேசில் நாட்டு அறிஞர்கள் 2009-இல் எண்ணிப் பார்த்ததில், மனித மூளையில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி, ஏனைய அணுக்களும் ஏறத்தாழ அவ்வளவே என்று தெரிந்தது.

குழந்தை பிறக்கும்போது இந்தப் போர்வை வேலை தொடங்கியிருக்குமே தவிர முடிந்திராது. பச்சிளங் குழந்தையின் உள்ளங்காலை ஓரமாகக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி நிமிரும். பெரியவர்களுக்கு அது கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து முதுகுத் தண்டுக்கு இறங்கும் நெடும்பாதைக்கு இன்னும் உறை இடப்படவில்லை என்பதன் அறிகுறி அது. உறை ஏறஏறக் குழந்தை கவிழ்கிறது, தவழ்கிறது, நிற்கிறது, நடக்கிறது. நெற்றிக்குப் பின்புறமுள்ள பகுதிகளில் இவ்வேலை இருபது வயதுக்கு மேலும் நடக்கிறது. பின்னும் அது முற்றிலும் நின்றுவிடுவதில்லை. படிகள் சீரற்று அமைந்த ஒரு சக்கரத்தில் ஓடக் கற்றுக்கொள்ளும்படி எலிகளைப் பழக்கி 2014-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். புதிய ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் உண்டாகாதபடி தடுக்கப்பட்ட எலிகள் அவ்வித்தையைச் சரிவரக் கற்கவில்லை. நடுவயதில் இந்தியும் மராத்தியும் வங்காளமும் கற்றுத் தடுமாறும் நம்மவர்களுக்கு எலியின் சக்கரம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் சிறிது ஆறுதல் தருகிறது.

இனி, உறை கழன்றால் நேர்வது என்ன? இரு வேறு அணுக்கள் இரு வேறு இடங்களில் உறை இடுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பல நோய்களின் போக்கு எளிதில் விளங்கும். மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் நோயில் உடலின் பாதுகாப்புப் படை ஆலிகோடென்ட்ரோசைட்டின் உறையைத் தாக்குகிறது. ஆகவே கேடு கண் நரம்பிலும் மூளையிலும் முதுகுத் தண்டிலுமே காணப்படும். கில்லன்-பாரே என்ற நோயில் தாக்கப்படுவது கை கால் நரம்பு. ஆகவே நோயாளியின் அறிவு தெளிவாகவே இருக்கும்; பாதத்தில் தொடங்கிய பலவீனம் மட்டும் சில நாட்களில் மேலே மேலே ஏறிவரும். சில வேளைகளில் மூச்சுத் தசைகளையும் பற்றும்.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் புனே நகரில் இந்நோய் ஒரே சமயத்தில் பலரைப் பற்றியது. இரு திங்களுக்குள் 200-க்கும் மேற்பட்டவர் பாதிக்கப்பட்டனர்; சிலர் இறந்தனர். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி பலரிடம் காணப்பட்டது. குடிநீர் மீது ஐயம் விழுந்தது. அக்கிருமியின் மேற்பூச்சு நரம்பின் மேற்பூச்சை ஒத்திருப்பதால், கிருமியை அடிக்க எழுந்த படை நரம்பையும் அடித்துவிடுகிறது. சிலருக்கு உறை மட்டும் உரியும். சிலருக்கு இழையே தாக்கப்படும். உறை மட்டும் உரிந்தவர்கள் பெரும்பாலும் விரைவில் தேறுகின்றனர்; ஏனெனில் ஷ்வான் அணுக்கள் மீண்டும் சுற்றத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கு நின்ற சில நாட்களில் இரு கால்களும் துவண்டால், வைத்தியசாலைக்கு அன்றைய தினமே போக வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது. புது ஊரில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் நம் தாய்மார்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

வடக்கே குடியேறிய நம்மவர்களில் பலர், மார்கழிக் குளிரில் பாதம் மரத்துப் போனால் குளிர்தான் காரணம் என்று காலுறையை மாட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கோடை வந்தும் மரப்புப் போகாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். நீரிழிவு ஒரு காரணம். மற்றொன்று பி-12 என்னும் வைட்டமின் குறைவு. இந்த வைட்டமின் இன்றி மையலினைச் செவ்வையாகப் பராமரிக்க முடியாது. காய்கறியிலும் தானியத்திலும் அது இல்லை; பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. மோரையும் குறைத்துக்கொண்ட சைவ உணவினர், குடலில் ஏற்கும் சக்தி குன்றிய முதியவர், நீரிழிவுக்காக மெட்பார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்பவர் ஆகியோர் இதில் கவனமாக இருத்தல் வேண்டும். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடல் தள்ளாடுவது ஓர் அறிகுறி. பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி முதுகுத் தண்டில் தடைப்படுவதனால் கண்ணே அதுவரை உடலைத் தாங்கி வந்திருக்கிறது. இரத்தச் சோதனையால் குறைவை அறியலாம். காலத்தில் அறிந்தால் ஊசியாலும் மாத்திரையாலும் தீர்க்கலாம். காலம் கடந்தால் முழுமையாகத் தீராது.

ஷ்வான் அணுவை இருப்பிடமாகவே கொள்ளும் கிருமி ஒன்று உண்டு. அது தொழுநோய்க் கிருமி. நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் அதனைக் கண்டுபிடித்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் அது பெருகும். அதனால் நோய் வெளிப்பட ஆண்டுகள் பல ஆகும். உடலின் குளிர்ந்த பாகங்களை விரும்புவதால் முழங்கை, கணுக்கால், காது மடல் ஆகிய இடங்களை ஒட்டிய நரம்புகளே முதலில் கெடும். தோலில் நிறம் மங்கிய ஒரு தேமல் தோன்றும். அவ்விடத்தில் தொடுவுணர்ச்சி இராது. விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், அவை அழுகுவதில்லை. வலி தெரியாமையால் சூட்டிலும் வெட்டிலும் சிதைகின்றன என்று எடுத்துக்காட்டினார். வலியைச் சுமந்து செல்லும் இழையின் அருமை அங்கேதான் விளங்குகிறது.

உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காணப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கின்றனர். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வேற்று மாநிலம் வந்து, ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்குகிறவர், தேமலைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அறையையும் வேலையையும் இழந்துவிடுவோமோ என்ற பயம். மருந்து தொடங்கிய சின்னாட்களில் நோய் பிறருக்குத் தொற்றும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நோயின் அளவுக்கு ஏற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து உட்கொண்டால் கிருமி ஒழிகிறது. அரசாங்க சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசம். இடையில் ஊர் மாற நேர்ந்தால் சிகிச்சைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்ப் புதிய ஊரின் நிலையத்தில் காட்ட வேண்டும். நோயாளரை ஒதுக்கி அடைத்து வைக்க வகை செய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்றிருந்த விதிகளையும் பாராளுமன்றம் 2019-இல் எடுத்துவிட்டது. தேமலின் மேல் பஞ்சால் மெல்லத் தடவிப் பாருங்கள். உணர்ச்சி தெரியவில்லை என்றால், மருந்து அந்த வாரத்திலேயே தொடங்கப்படுவது நல்லது. ஏனெனில் கிருமியைக் கொல்லும் மருந்து, இறந்துபோன நரம்பிழையைத் திருப்பித் தருவதில்லை.